முருகைக்கல் தொட்டி காடாகிப் போனால் என்ன செய்வது

உப்புத்தண்ணித் தொட்டி வைத்திருக்கிறேன் என்றால் திருமலையில், அதாவது திருகோணமலையில், எல்லாரும் கேட்கிற முதல் கேள்வி, "வாசலைத் திறந்தா கடல், பிறகேன் வீட்டுக்குள்ள வேற?" என்பதுதான். இதற்கு என்னிடம் நல்ல பதில் கிடையாது. இரவு சாப்பாட்டுக்குப் பிறகு கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு முன்னால் உட்கார்ந்தால் ஒரு மணித்தியாலம் போவதே தெரியாது, அவ்வளவுதான். தொட்டி தொடங்குவதைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை. தொடங்கி ஒரு வருடம் தாண்டி, எதுவும் சாகாமல், பவளமும் பாசியும் நன்றாகப் பிடித்து, அப்புறம் ஒன்றின்மேல் ஒன்று ஏறி மூட ஆரம்பிக்கும் அல்லவா, அந்தக் கட்டத்தில் என்ன செய்வது என்பதுதான் விஷயம்.

என் தொட்டி 200 லீற்றர். நண்பர் ஒருவர் தன் தொட்டியில் வளர்ந்த செனியா என்ற மென்பவளத்திலிருந்து பெருவிரல் அளவு வெட்டித் தந்தார், ஒரு சின்னக் கல்லில் ஒட்டியிருந்தது. கைக்குழந்தை விரலை விரித்து மூடுவதுபோல ஓயாமல் துடித்துக்கொண்டே இருக்கும். வீட்டுக்கு வருகிறவர்கள் மீனைப் பார்க்கமாட்டார்கள், அதைத்தான் பார்ப்பார்கள், எனக்கும் பெருமை. எட்டே மாதம். நடுக்கல் முழுக்க அதுவாகிவிட்டது, அதற்கு அடியில் நான் அதைவிட ஆசையாக வளர்த்த ஹம்மர் பவளம் வெளிச்சம் கிடைக்காமல் வெறும் வெள்ளை எலும்பாகக் கிடந்தது. செனியாவைக் குறை சொல்லி என்ன, வெட்ட மனம் வராமல் பார்த்துக்கொண்டிருந்தது நான்தான். வேலிக்குக் கிளுவை நட்டவர் வருடா வருடம் கதியால் வெட்டுகிறார், தொட்டி வைத்தவருக்கு மட்டும் என்ன தயக்கம்?

வெட்டுவதற்கு முன் ஒன்றைப் பாருங்கள். எது அளவுக்கு மிஞ்சி வளர்ந்தாலும் அதற்குச் சாப்பாடு எங்கிருந்தோ வருகிறது, பெரும்பாலும் உங்கள் கையிலிருந்துதான். நாலு மீனுக்கு ஒரு முழு ஐஸ் கட்டி இறாலை அப்படியே போடுகிறோம். அந்தக் கட்டி உருகும் தண்ணீரிலேயே பாசிக்குச் சாப்பாடான பொஸ்பேட் இருக்கிறது. ஒரு கிண்ணத்தில் உருகவிட்டு, தேயிலை வடியில் ஊற்றி, ஒரு தரம் அலசிவிட்டு, வடியில் மிஞ்சுவதை மட்டும் போடுங்கள். இரண்டு நிமிடத்தில் மீன் தின்று முடிக்கிற அளவு போதும். நைட்ரேட் 2 முதல் 10 பிபிஎம் (லீற்றருக்கு மில்லிகிராம்), பொஸ்பேட் 0.03 முதல் 0.1 பிபிஎம் வரை இருந்தால் எனக்குத் திருப்தி. பூச்சியம் காட்டினால் சந்தோஷப்பட வேண்டாம். கல்லெல்லாம் பாசி படர்ந்திருக்கும்போது டெஸ்ட் கிட் பூச்சியம் காட்டுவது தண்ணீர் சுத்தம் என்பதற்காக அல்ல, வருகிற எல்லாவற்றையும் பாசியே உறிஞ்சிவிடுகிறது என்பதற்காக. உண்மையிலேயே பூச்சியமாக்கிவிட்டாலோ டைனோ என்று ஒன்று வரும், பழுப்பு நிறத்தில் மூக்குச்சளிபோல, நுனியில் காற்றுக்குமிழி பிடித்துக்கொண்டு. அதோடு மல்லுக்கட்டுவதைவிடக் கொஞ்சம் பாசி எவ்வளவோ மேல்.

அடுத்தது தண்ணீர். திருமலையில் இருப்பதில் ஒரு லாபம் உண்டு, இறக்குமதி உப்பை விலை கொடுத்து வாங்கிக் கரைக்க வேண்டியதில்லை, கடல்தண்ணீரையே எடுக்கலாம். ஆனால் எங்கே, எப்போது என்பது முக்கியம். உள்துறைமுகத்தில் அள்ளவே வேண்டாம், கப்பல் எண்ணெய். கொட்டியாரக்குடாவில் மகாவலி வந்து விழுகிறது, மாரியில் கலங்கலும் சேறும், உப்பும் குறைந்துவிடும். நான் சித்திரைக்கும் புரட்டாதிக்கும் இடையில், கிழக்குக்கடல் அடங்கியிருக்கும் காலத்தில், நிலாவெளிப் பக்கம் தொழிலுக்குப் போகிற ஒருவரிடம் 20 லீற்றர் குடிதண்ணீர்க் கான்களைக் கொடுத்துவிடுவேன், கரையை விட்டு நன்றாகத் தள்ளிப்போய் நிரப்பித் தருவார். மண்ணெண்ணெய் வைத்திருந்த கான் எவ்வளவு கழுவினாலும் வேண்டாம். கொண்டுவந்த தண்ணீரை மெல்லிய துணியில் வடித்து, மூடி, வெளிச்சம் படாத மூலையில் இரண்டு கிழமை வைத்துவிட்டு, பாவிக்கும் நாளில் ரிஃப்ராக்டோமீற்றரில் உப்பு பாருங்கள். ஆயிரத்துக்கு 35, அதாவது அடர்த்தி 1.026 அளவில் இருக்க வேண்டும். குறைந்திருந்தால் தொட்டி உப்பு கொஞ்சம் சேர்த்துச் சரிசெய்யலாம். மாரிக்கு வேண்டியதை முன்கூட்டியே சேர்த்து வைத்துவிடுங்கள். மார்கழியில் வாடைக்காற்று அடிக்கும்போது கான் கொடுத்தால் யாரும் கையில் வாங்கமாட்டார்கள்.

ஆவியாகிக் குறைவதற்கு மட்டும் கடல்தண்ணீர் ஊற்றக்கூடாது. ஆவியாவது தண்ணீர்தான், உப்பு உள்ளேயே நிற்கிறது, ஆகவே நல்ல தண்ணீர்தான் ஊற்ற வேண்டும், அதுவும் கிணற்றுத்தண்ணீர் அல்ல, கரைந்திருப்பதையெல்லாம் வடிகட்டி எடுத்த ஆர்.ஓ. தண்ணீர். பாசி ஏன் போகவில்லை என்று கேட்கிற பத்துப் பேரிடம் விசாரித்தால் பாதிப்பேர் கிணற்றிலிருந்து ஊற்றுகிறவர்களாகத்தான் இருப்பார்கள். ஒரு நாளைக்கு ஒரு வாளி என்றால் ஒரு மாதத்தில் எவ்வளவு நைட்ரேட்டும் சிலிக்கேட்டும் உள்ளே போயிருக்கும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். கச்சான் காற்று வீசும் மாதங்களில் இது இன்னும் மோசம். அறைக்குள்ளேயே 33 பாகை, தொட்டி 30ஐத் தாண்டும், பவளங்கள் வெளுக்கத் தொடங்கும். சில்லர் என்கிற தண்ணீர் குளிராக்கும் மெஷின் வாங்க வசதியில்லாதவர்கள் மூடியைக் கழற்றிவிட்டு, ஒரு சின்ன மேசை ஃபேனைத் தண்ணீர்ப் பரப்புக்குக் குறுக்கே அடிக்கவிடுங்கள், இரண்டு மூன்று பாகை இறங்கும். பதிலுக்கு ஒரு நாளைக்கு நாலு லீற்றர்கூட ஆவியாகும். மூடி இல்லாவிட்டால் சில மீன் பாய்ந்துவிடும், ஆகவே மேலே வலை கட்டுங்கள்.

கிழமை வேலை பெரிதாக ஒன்றுமில்லை. பத்தில் ஒரு பங்கு தண்ணீர் மாற்றுவது, கண்ணாடி சுரண்டுவது, அழுக்கை நுரையாக்கி எடுக்கும் ஸ்கிம்மரின் கோப்பையைக் கழுவுவது, அல்கலினிட்டி (காரத்தன்மை) பார்ப்பது. அது டீகேஎச் (dKH) அளவில் 8க்கும் 9க்கும் இடையில் ஆடாமல் நிற்பது, சரியாக எந்த எண் என்பதைவிட முக்கியம். லைட் எட்டு மணித்தியாலம் போதும்.

பாசிக்கு வருவோம். முடிபோல நீளமாக வளர்வதைத் தண்ணீர் மாற்றும் நாளிலேயே பிடுங்குங்கள். ஒரு கையில் சைஃபன் குழாய், மறுகையில் பழைய பல் பிரஷ், குழாய் வாய்க்குப் பக்கத்தில் வைத்தே தேய்த்தால் பிய்ந்ததெல்லாம் அப்படியே வெளியே போய்விடும். சும்மா பிடுங்கி மிதக்கவிட்டால் நாற்று நட்டதுபோல்தான். பச்சை மணிமணியாக வருகிற குமிழ்ப்பாசியை உடைக்காமல் அடியோடு கிளப்ப வேண்டும். கல்லைத் தூக்க முடிந்தால் தொட்டித் தண்ணீர் உள்ள வாளிக்குள் வைத்து எடுங்கள். சிவப்புக் கொழுப்புபோலப் படர்வது பாசியே அல்ல, சயனோ என்ற பக்டீரியா. அதை உறிஞ்சி எடுத்துவிட்டு அந்த மூலைக்கு நீரோட்டத்தைத் திருப்புங்கள். நத்தைகள் நல்ல வேலையாட்கள், ஆனால் நீண்டுவிட்ட பாசியைத் தொடமாட்டா, நீங்கள் குறைத்துக் கொடுத்த பிறகுதான் மேயும். கீழே தனித்தொட்டி இருந்தால் அதில் கீட்டோ பாசியை ஒரு பந்து போட்டு, மேலே லைட் அணைந்த பிறகு அங்கே லைட் எரியவிடுங்கள். மேலே வளர வேண்டியது கீழே வளரும், மாதம் ஒருமுறை பாதியைப் பிய்த்து எறிந்தால் சேர்ந்த சத்தும் அதோடு போய்விடும். கீட்டோவுக்குப் பதிலாகக் கோலெர்ப்பா என்ற கடற்பாசியைப் போடச் சொல்லி யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அது ஒருநாள் திடீரென்று உள்ளே இருப்பதையெல்லாம் தண்ணீரில் கொட்டிவிட்டுச் செத்துப்போகும், காலையில் தொட்டி பால்போல நிற்கும்.

இனி செனியா. முதலில் பம்புகளை நிறுத்துங்கள், இல்லாவிட்டால் துண்டுகள் பறந்துபோய்ப் போன இடத்திலெல்லாம் ஒட்டும். கல்லைத் தொட்டித் தண்ணீர் உள்ள பேசினில் வையுங்கள். தொட்டவுடன் அது சுருங்கிக் கொழகொழவென்று ஒரு நூல்முடிச்சு மாதிரி ஆகிவிடும், அப்போதுதான் அடி எங்கே என்று தெரியும். கூரான கத்தரிக்கோலால் அடியோடு வெட்டுங்கள். வேலை முடிந்துவிட்டது என்று எழும்பிவிடாதீர்கள், கல்லில் வெளிறின தோல்போல ஒரு படலம் மிஞ்சியிருக்கும், கடுகளவு விட்டாலும் இரண்டு கிழமையில் நாலு குட்டித் தலை கிளம்பும். பிளேட்டால் சுரண்டி, பிரஷால் தேய்த்து, கல் மென்மையாக இருந்தால் ஸ்க்ரூ டிரைவரால் அந்த இடத்தை மெல்லிதாகப் பெயர்த்தே விடுங்கள். பிறகு வேறு வாளித் தொட்டித்தண்ணீரில் அலசி உள்ளே வையுங்கள். ஒரே நாளில் எல்லாவற்றையும் எடுக்காதீர்கள். மூன்றில் ஒரு பங்கு, பத்து நாள் கழித்து அடுத்தது. செனியா அவ்வளவு நாளும் குடித்துக்கொண்டிருந்த சத்தைக் குடிக்க ஆளில்லாமல் போனால் அந்த இடத்தில் பாசி வந்து உட்காரும், நான் அப்படி ஒரு மாதம் அனுபவித்தேன்.

பச்சை நட்சத்திரப் பவளம் இதைவிட லேசு. ஊதா நிறப் பாய் விரித்ததுபோல் ஊரும், கண்ணாடியில் ஏறினதைக் காய்ந்த பிளாஸ்டரை உரிப்பதுபோல ஒரு முனையில் கிளப்பி இழுத்தால் முழுசாக வரும். இரண்டுக்கும் நிரந்தர வழி ஒன்றுதான்: பெரிய கல்லோடு தொடாமல், மணலுக்கு நடுவில் தனிக்கல்லில் வளருங்கள்.

இந்த இடத்தில் கொஞ்சம் கவனம். பொத்தான்போல் கூட்டமாக இருக்கும் சோவாந்திட், பாலிதோவா வகைகள் சிலவற்றில் பாலிடொக்சின் என்ற கடும் நஞ்சு உண்டு. அவை ஒட்டிய கல்லை அவிக்கவோ, சுடுதண்ணீர் ஊற்றவோ, காற்றில் வைத்துப் பிரஷால் தேய்க்கவோ கூடாது. கல்லை அவித்து, அந்த ஆவியைச் சுவாசித்து வீட்டோடு ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் வெளிநாடுகளில் இருக்கிறார்கள். கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு, தண்ணீருக்குள் வைத்தே வெட்டுங்கள், பிள்ளைகள் பக்கத்தில் வேண்டாம், கையில் வெட்டுக்காயம் இருந்தால் அன்றைக்கு விட்டுவிடுங்கள். எதை வெட்டினாலும் பிறகு இரண்டு மூன்று நாள் தண்ணீரைச் சுத்தமாக்கும் புதுக் கார்பன் (கரி) ஓடவிடுவது நல்லது, குறிப்பாக லெதர் பவளங்கள் என்கிற தோல்போன்ற மென்பவளங்களை வெட்டினால், அவை தண்ணீரில் விடுகிற இரசாயனம் பக்கத்து வீட்டுக்காரனைச் சுருங்க வைக்கும். பவளங்களுக்குள் சண்டை வேறு உண்டு. கலக்ஸியா என்ற பவளம் இரவில் ஒரு சாண் நீளத்துக்குக் கொட்டும் நூல்களை நீட்டும். பகலில் பார்த்து இடைவெளி போதும் என்று நினைத்துவிடாதீர்கள்.

ஐப்டேசியா என்கிற களை அனிமோனை வெட்டவே கூடாது. பழுப்பாக, குட்டிப் பனைமரம்போல நிற்கும், தொட்டால் பொந்துக்குள் இழுத்துக்கொள்ளும், ஒரு துணுக்கு மிஞ்சினாலும் அதிலிருந்து புதுசு வரும். சுண்ணாம்புதான் மருந்து. கல்சியம் ஹைட்ராக்சைட்டைப் பற்பசைபோலக் குழைத்து ஊசியில் எடுத்து, பம்பை நிறுத்திவிட்டு, வாய் விரிந்திருக்கும்போதே மேலே மெதுவாகப் பிதுக்குங்கள். வெற்றிலைச் சுண்ணாம்பும் அடிப்படையில் அதுதானே என்று அம்மம்மா கேட்டா, சரிதான், ஆனால் அதில் நிறம், வாசம் என்று எதையெல்லாம் கலக்கிறார்களோ, தொட்டிக்கென்று விற்கிற தூளையே வாங்குங்கள். ஒரு தடவையில் மூன்று நாலுக்கு மேல் வேண்டாம், பிஎச் எகிறிவிடும். பெப்பர்மின்ட் இறால் கிடைத்தால் சின்னதுகளை அதுவே தின்னும்.

காடாய் வளர்ந்த தொட்டியில் எல்லாரும் மறப்பது இரவை. பகலில் ஒட்சிசன் தந்த அதே பாசியும் பவளமும் லைட் அணைந்ததும் அதை மீனோடு போட்டிபோட்டு எடுக்கின்றன. 2022 பங்குனிக் கடைசியில் 13 மணித்தியால மின்வெட்டு வந்தபோது மீனைக் காப்பாற்றியது பற்றரியில் ஓடும் சாதாரண காற்றுப்பம்புதான், வேறொன்றுமில்லை. ஒன்று வாங்கி வையுங்கள்.

வெட்டினதைக் கடலில் கொட்டாதீர்கள். கடலிலிருந்து வந்ததுதானே என்று தோன்றும். மத்தியதரைக்கடலில் மொனாக்கோ அருங்காட்சியகத்துக்குக் கீழே 1984இல் கண்ட தொட்டிப்பாசி பிறகு கரைகரையாகப் பரவியது, வெனிசுவேலாவில் செனியாவின் சொந்தக்காரனான ஒரு மென்பவளம் இப்போது அங்கத்தைய முருகைக்கற்களை மூடிக்கொண்டிருக்கிறது, அதுவும் தொட்டிக்காரர்களின் கைங்கரியம்தான். நமக்குப் பக்கத்தில் புறாத்தீவு இருக்கிறது, 2003இலிருந்து தேசியப் பூங்கா. அங்கிருந்து ஒன்றும் எடுக்கவும் கூடாது, நம் தொட்டியிலிருந்து அங்கே ஒன்றும் போகவும் கூடாது, கடலில் உயிர்ப்பவளம் எடுப்பது இலங்கை முழுக்கச் சட்டப்படி குற்றம். தொட்டியில் வளர்ந்ததை வெட்டிக் கைமாற்றிக்கொள்வதுதான் வழி. மிச்சத்தை வெயிலில் நன்றாகக் காயவைத்து, நாய் பூனை தோண்டாத ஆழத்தில் புதையுங்கள்.

கேட்கிறவர்களுக்கு நானும் பெருவிரல் அளவு செனியாதான் வெட்டிக் கொடுக்கிறேன், மணலுக்கு நடுவில் தனிக்கல்லில் வையுங்கள் என்று மூன்று தரம் சொல்லி. எல்லாரும் தலையாட்டிவிட்டுப் போய் நடுக்கல்லில்தான் வைக்கிறார்கள்.