மறுக்கும்போது ‘மற்றும்’ ஏன் ‘அல்லது’ ஆகிறது?

ஒரு புரோகிராமில் பயனரிடம் 1 முதல் 100 வரை ஓர் எண் கேட்கிறோம். தப்பாகக் கொடுத்தால் திரும்பக் கேட்க வேண்டும். இதற்கு நான் முதன்முதலில் எழுதிய லூப் (நிபந்தனை மெய்யாக இருக்கும்வரை திரும்பத் திரும்ப ஓடும் கட்டளை):

எண் < 1 மற்றும் எண் > 100 என இருக்கும்வரை திரும்பக் கேள்

500 கொடுத்தேன், பேசாமல் வாங்கிக்கொண்டது. −7 கொடுத்தேன், அதையும்தான். எரர் எதுவும் வராததால் ஒரு சாயங்காலம் முழுக்க வேறெங்கோ தேடிக்கொண்டிருந்தேன். தனிநிலைக் கணிதத்தின் தொடக்கத்திலேயே வரும் டி மார்கன் விதியைத் தேர்வுக்காக மட்டும் படித்ததன் பலன்!

படி 1: எது சரியான எண் என்பதை முதலில் எழுதுங்கள். தப்பான எண்ணை நேரடியாக விவரிக்கப் போனால்தான் குழப்பம் வருகிறது.

அ: எண் ≥ 1
ஆ: எண் ≤ 100

இரண்டும் மெய்யானால் எண் சரி, அதாவது அ ∧ ஆ. திரும்பக் கேட்க வேண்டியது இதன் மறுப்பு, ¬(அ ∧ ஆ). (∧ என்றால் ‘மற்றும்’, ∨ என்றால் ‘அல்லது’, ¬ என்றால் ‘இல்லை’ என மறுப்பது.)

படி 2: மெய்மை அட்டவணை போடுங்கள், அதாவது கூற்றுகள் மெய்யாகவும் பொய்யாகவும் வரக்கூடிய எல்லாச் சேர்க்கைகளையும் எழுதுங்கள். இரண்டு கூற்றுகள் என்பதால் 4 வரிசைகள் போதும். கடைசி நிரலில் நான் செய்த தவறையும் சேர்த்திருக்கிறேன்.

அ | ஆ | ¬(அ ∧ ஆ) | ¬அ ∨ ¬ஆ | ¬அ ∧ ¬ஆ
மெய் | மெய் | பொய் | பொய் | பொய்
மெய் | பொய் | மெய் | மெய் | பொய்
பொய் | மெய் | மெய் | மெய் | பொய்
பொய் | பொய் | மெய் | மெய் | மெய்

மூன்றாவது, நான்காவது நிரல்கள் அச்சாக ஒன்றுபோல இருக்கின்றன. அதுதான் விதி: மறுப்பு உள்ளே போகும்போது ∧ என்பது ∨ ஆகிவிடும். (∨ என்பது ∧ ஆவதும் இதே மாதிரிதான், அந்த அட்டவணையை நீங்களே போட்டுப் பாருங்கள்.) 19ஆம் நூற்றாண்டுக் கணிதவியலாளர் அகஸ்டஸ் டி மார்கன் பெயரில் வழங்குகிறது.

இப்போது கடைசி நிரலைப் பாருங்கள். நான்காம் வரிசையில் மட்டும்தான் மெய். அந்த வரிசைக்கு என்ன பொருள்? எண் 1ஐவிடச் சிறியது, அதே எண் 100ஐவிடப் பெரியது. அப்படி ஓர் எண்ணே கிடையாது. என் லூப் ஒருமுறைகூட ஓடாததற்கு அதுதான் காரணம்.

படி 3: ஒவ்வொரு கூற்றையும் தனித்தனியே மறுங்கள். இங்கே சமக்குறியில் வழுக்கும். ≥ என்பதன் மறுப்பு <, ≤ என்பதன் மறுப்பு >. சமக்குறி இருந்தால் போய்விடும், இல்லாவிட்டால் வந்து சேரும்.

எண் < 1 அல்லது எண் > 100 என இருக்கும்வரை திரும்பக் கேள்

படி 4: 0, 1, 100, 101 ஆகிய நான்கையும் கொடுத்துப் பாருங்கள். 50ஐ வைத்துச் சோதித்துப் பயனில்லை, என் பழைய லூப்கூட அதைச் சரியாகவே ஏற்றுக்கொண்டது.

அப்புறம், மூன்று நிபந்தனைகள் கலந்து வந்தால் அடைப்புக்குறியை விட்டுவிடாதீர்கள். ¬(அ ∧ (ஆ ∨ இ)) என்பது ¬அ ∨ (¬ஆ ∧ ¬இ) ஆகும். அட்டவணைக்கு 8 வரிசைகள் வேண்டும்.