நாக்குப்பூச்சி விழுந்தால் மறைக்காதீர்கள்

ஆரம்ப சுகாதார நிலைய லேபில் பல வருடம் மலப் பரிசோதனை செய்தவள் நான். ஒருநாள் ஓர் அம்மா முந்தானைக்குள் எதையோ மூடிக்கொண்டு வந்து, கூட்டம் கலையும்வரை ஓரமாக நின்றார். மாத்திரைப் பாட்டிலுக்குள் ஒரு புழு. ஒரு சாண் நீளம், வெளிறிய ரோஸ் நிறம், இரண்டு முனையும் கூர். நாலு வயது மகனுக்கு விழுந்ததாம். "வீட்ல யார்கிட்டயும் சொல்லலீங்க" என்றார். அதைக் கொண்டுவந்ததே நல்ல காரியம்.

பையன் எங்கே வெளிக்குப் போகிறான் என்று கேட்டேன். கொல்லையில், கீரைப்பாத்திக்குப் பக்கத்தில்.

விஷயம் அங்கேதான் இருக்கிறது. இனிப்பு தின்பதால் இந்தப் பூச்சி வராது. அஸ்காரிஸ் என்ற இந்தப் புழுவில் ஒரு பெண் நாளைக்கு 2 லட்சம் முட்டை வரை இடும். மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் பழுப்பாக, பலாப்பழத் தோல் மாதிரி முண்டும் முடிச்சுமாக இருக்கும். மலத்தோடு விழுந்த முட்டை மண்ணில் 2 முதல் 4 வாரம் கிடந்து முதிர்ந்தால்தான் தொற்றும். அதனால் பிள்ளையோடு படுத்தால் ஒட்டிக்கொள்ளாது, ஒதுக்கி வைக்க வேண்டாம். மண் விரலோ கழுவாத கீரையோ வாய்க்குப் போனால் முட்டை குடலில் பொரியும். குஞ்சுப்புழு ரத்தத்தோடு நுரையீரலுக்குப் போய், தொண்டைக்கு ஏறி, விழுங்கும்போது திரும்பக் குடலுக்கு வந்து வளரும். இதற்கு 2, 3 மாதம் ஆகும். நடுவில் சிலருக்கு வறட்டு இருமல் வரும்.

பரிசோதனைக்குப் புளியங்கொட்டை அளவு மலம் போதும். சிறுநீரோ மண்ணோ கலக்காமல், மூடியுள்ள டப்பாவில் அன்றைக்கே கொடுங்கள்.

மருந்து பெரும்பாலும் அல்பெண்டசோல் 400 மி.கி., ஒரே வேளை. 1 முதல் 2 வயதுக்குள் என்றால் பாதி. மென்று தின்னச் சொல்லுங்கள். சின்னப் பிள்ளைக்குப் பொடித்துத் தண்ணீரில் கலந்து கொடுக்கலாம். அழும்போது வாயில் திணிக்கவே கூடாது, புரையேறிவிடும். பட்டினி போட வேண்டாம், பேதிக்கும் கொடுக்க வேண்டாம். காய்ச்சலோ வேறு நோயோ இருந்தால் டாக்டரைக் கேட்டுவிட்டுக் கொடுங்கள். கர்ப்பிணிகளுக்கு முதல் மூன்று மாதம் ஆகாது. பிப்ரவரி 10, ஆகஸ்ட் 10 ஆகிய தேதிகளை ஒட்டி அங்கன்வாடியிலும் பள்ளியிலும் 1 முதல் 19 வயதுவரை இலவசமாகத் தருகிறார்கள். தவறவிடாதீர்கள்.

வயிறு உப்பி, பச்சையாக வாந்தி எடுத்து, மலமும் காற்றும் போகவில்லையென்றால் வீட்டில் மாத்திரை கொடுக்காதீர்கள். புழுக்கள் பின்னிக்கொண்டு குடலை அடைத்திருக்கலாம். உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

அப்புறம், மாத்திரை குடலில் இருக்கும் புழுவைக் கொல்லும். நுரையீரலில் திரியும் குஞ்சு தப்பிவிடலாம். கொல்லை மண்ணில் கிடக்கும் முட்டையும் அப்படியே இருக்கும். அதனால்தான் கக்கூஸ், சோப்பு, வெட்டிய நகம் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன். 3 மாதம் கழித்து மறுபடி பரிசோதனையும் செய்யச் சொல்கிறேன்.

அந்த அம்மா சொன்னபடி வந்தார், இந்த முறை இரண்டு டப்பாவோடு. பையனுக்கு முட்டை இல்லை. அவன் அக்காவுக்கு இருந்தது. அன்றைக்கே டாக்டரைப் பார்த்து அவளுக்கும் மாத்திரை வாங்கிக்கொண்டு போனார்.