மவுத்பீஸ் மாற்றப் போகிறீர்களா? யூஃபோனியம் வாசிப்பவர்களுக்குச் சில வழிமுறைகள்

என்னிடம் யூஃபோனியம் (வால்வுகள் உள்ள பித்தளை ஊதுவாத்தியம்) கற்றுக்கொள்ள வருகிறவர்கள், உதட்டில் வைத்து ஊதும் பாகமான மவுத்பீஸ் பற்றி அதிகம் கேட்கும் கேள்வி, "எந்த மவுத்பீஸ் வாங்கினால் மேல் நோட்டுகள் சுலபமாக வரும்?" என்பதுதான். அதற்கு நான் உடனே ஒரு பெயரைச் சொல்வதில்லை. இந்த வாத்தியத்தின் அழகு அதன் நடு ஸ்தாயியில், சத்தம் குறைத்து மெதுவாக ஊதும்போது எழுகிற உருண்டு கனிந்த நாதத்தில் இருக்கிறது. அந்த நாதத்தை மெலியவைத்து மேலே இரண்டு நோட்டு கூடுதலாகத் தருகிற மவுத்பீஸை நான் யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன். ஆகவே, மெதுவாக ஊதும்போது நாதம் எப்படி இருக்கிறது, சுருதி எங்கே நிற்கிறது, ஒரு முழு ஒத்திகை முடிந்த பிறகும் உதடு தாங்குகிறதா என்ற மூன்றையும் வைத்துத்தான் கீழே சொல்வதெல்லாம்.

முதலில் ஷாங்க். மவுத்பீஸின் வால்பகுதி இது; வாத்தியத்தில் மவுத்பீஸைச் செருகும் வாயான ரிசீவருக்குள் நுழைகிற குழல். யூஃபோனியத்தில் இது மூன்று அளவுகளில் வருகிறது: சிறியது, நடுத்தரம், பெரியது. யமஹா 201, 321 போன்ற மாணவர் வாத்தியங்கள் சிறிய ஷாங்க் ஏற்பவை. யமஹா 642, 842, இப்போது வருகிற பெசன் சாவரின் போன்றவை பெரிய ஷாங்க். நடுத்தரம் என்பது பழைய பிரிட்டிஷ் பெசன், பூஸி அண்ட் ஹாக்ஸ் வாத்தியங்களில் காணப்படுவது. அதை யூரோப்பியன் ஷாங்க் என்றும் சொல்வார்கள். பழைய வாத்தியம் ஒன்று கைமாறி உங்களிடம் வந்திருந்தால் இதைக் கட்டாயம் பாருங்கள். பெரிய ஷாங்க் மவுத்பீஸ் சிறிய ரிசீவருக்குள் சரியாக நுழையவே நுழையாது, அதனால் அந்தத் தவறு உடனே தெரிந்துவிடும். சிறியதைப் பெரிய ரிசீவரில் வைப்பதுதான் ஆபத்து. அது உள்ளே போய்விடும், சத்தமும் வரும், ஆனால் லேசாக ஆடும். அளவுக்கு மேல் உள்ளே இறங்குவதால் நோட்டுக்கு நோட்டு சுருதி நிலைகுலையும். மாணவர் தன் உதட்டின் மீது பழி போட்டுக்கொண்டு மாதக்கணக்கில் தவிப்பார்.

சோதிக்கும் முறை எளிது. மவுத்பீஸை மெதுவாகச் செருகி, லேசாக ஒரு திருகு திருகி நிறுத்துங்கள். பிறகு உதடு படும் விளிம்பான ரிம்மைப் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். துளி ஆட்டம் இருந்தாலும் அது உங்கள் வாத்தியத்துக்கு உரியது அல்ல. சரியாகப் பொருந்துகிற ஷாங்க் ஏறத்தாழ 2 முதல் 2.5 செ.மீ. வரை உள்ளே போகும். எவ்வளவு போயிருக்கிறது என்று பென்சிலால் ஒரு கோடு போட்டு, வெளியே எடுத்து அளந்துகொள்ளலாம். அடாப்டர் போட்டுச் சமாளிக்கலாமே என்று கேட்பார்கள். ஒரு நிகழ்ச்சியை ஒப்பேற்ற அது உதவும். நிரந்தரமாக வைத்துக்கொள்ள வேண்டாம்.

அடுத்தது பெயர்களும் எண்களும். இங்கேதான் பெரிய குழப்பம். பாக் நிறுவனத்தின் எண்களில் எண் குறைந்தால் ரிம்மின் உள்விட்டம் கூடும்: 12சி 24.5 மி.மீ., 6½ஏஎல் 25.4 மி.மீ., 5ஜி 25.5 மி.மீ., 4ஜி 26 மி.மீ. டெனிஸ் விக் நிறுவனமும் அதே வழிதான். 4ஏஎல்லைவிட 6பிஎல் சிறியது. ஷில்கியிலும் யமஹாவிலும் தலைகீழ்: 48ஐவிட 51 பெரியது. எழுத்துகளும் ஒத்துப்போவதில்லை. பாக்கில் ஏ என்றால் கப், அதாவது ரிம்முக்கு உள்ளே இருக்கிற குழிவு, ஆழமானது; சி என்றால் நடுத்தரம். ஷில்கியிலும் யமஹாவிலும் ஏ ஆழம் குறைந்தது, டி ஆழமானது. ஆகவே 51டியில் இருக்கிற டியைப் பார்த்து, பாக்கின் கணக்கில் அது ஆழம் குறைந்தது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். யூஃபோனியக்காரர்கள் அதை விரும்புவதே அந்த ஆழத்துக்காகத்தான். விக்கில் எல் பெரிய ஷாங்க்கையும், எஸ் சிறியதையும், எம் நடுத்தரத்தையும் குறிக்கும். பாக்கின் 6½ஏஎல் விஷயத்தில் அப்படி இல்லை. அந்த மாடல் சிறியது, பெரியது என இரண்டு ஷாங்க் அளவிலும் கிடைக்கிறது. எல் இருக்கிறதே என்று நம்பி வாங்கினால் தவறான அளவு வந்து சேரலாம். வாங்கும்போது ஷாங்க் அளவைத் தனியாகக் கேளுங்கள்.

இன்னொன்று. ரிம்மின் உள்விட்டத்தை எல்லா நிறுவனங்களும் ஒரே இடத்தில் அளப்பதில்லை. உள்விளிம்பிலிருந்து எவ்வளவு கீழே அளக்கிறார்கள் என்பது மாறும். அதனால் இரண்டு நிறுவனங்களின் மில்லிமீட்டர்களை அருகருகே வைத்து ஒப்பிடுவது தோராயமாகத்தான் உதவும். ஒரே நிறுவனத்துக்குள் ஒப்பிட்டால் நம்பலாம்.

இனி உள்ளே இருக்கிற பாகங்கள். எனக்குக் கப்தான் முக்கியம். ஆழம் கூடினால் நாதம் இருண்டு கனக்கும், கீழ் நோட்டுகள் நிறைந்து வரும். மேலே போகப் போக உழைப்பு கூடும். ஆழம் குறைந்தால் நாதம் பளிச்சென்று ட்ராம்போன் பக்கம் சாயும். ட்ராம்போனிலிருந்து மாறி வருகிறவர்கள் தங்கள் பழைய மவுத்பீஸையே யூஃபோனியத்தில் வைத்து வாசிக்கிறார்கள். அளவு பொருந்தினால் தப்பில்லை. ஆனால் குழுவில் எல்லோரும் சேர்ந்து வாசிக்கையில் யூஃபோனியம் தரவேண்டிய அந்த மெத்தென்ற அடித்தளம் அதில் கிடைப்பதில்லை. கப்பின் வடிவமும் பேசும். புனல் போலச் சரிந்து இறங்குகிற கப் மென்மையான நாதம் தரும்; கிண்ணம் போல் உருண்ட கப் நோட்டின் தொடக்கத்தைத் தெளிவாக்கும்.

த்ரோட் என்பது கப்பின் அடியில் இருக்கும் துளை. அது அகலமானால் உரக்க ஊதும்போது தடையில்லாமல் திறந்து பாடும், ஆனால் காற்றை வாரி இறைக்க வேண்டியிருக்கும். மெல்லிய இடங்களில் பிடிமானம் குறையும். நுரையீரல் பலம் இன்னும் கூடாத சின்னப் பிள்ளைகளுக்குப் பெரிய த்ரோட் கொடுப்பதை நான் எதிர்ப்பேன். த்ரோட்டுக்குப் பின்னால் ஷாங்க்கின் நுனி வரை ஓடும் உள்வழியான பேக்போர் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. கடையில் நின்று அதைத் தனியாகப் பிரித்து உணர யாராலும் முடியாது, கேட்டு முடிவெடுக்க வேண்டியதுதான்.

ரிம் உங்கள் முகத்துக்கும் மவுத்பீஸுக்கும் இடையிலான ஒப்பந்தம். அகலமான, உருண்டையான ரிம் அழுத்தத்தைப் பரப்பிவிடும், நீண்ட நேரம் தாங்கும். பல்லுக்குக் கம்பி போட்டிருக்கிற பிள்ளைகளுக்கு அதைத்தான் தருகிறேன். குறுகலான ரிம்மில் உதடு சுலபமாக நகரும், உதட்டால் மட்டும் நோட்டு மாற்றும் லிப் ஸ்லர் வழுக்கிக்கொண்டு போகும், ஆனால் சீக்கிரம் வலிக்கும். உள்விளிம்பு கூர்மையாக இருந்தால் நோட்டு சுத்தமாகத் தொடங்கும். விட்டத்தில் கால் மில்லிமீட்டர் வித்தியாசம்கூட உதட்டுக்குத் தெரியும். அரை மில்லிமீட்டர் என்பது பெரிய தாவல். அதற்கு மேல் ஒரே மூச்சில் தாவ வேண்டாம்.

சரி, எதை எடுத்துப் பார்ப்பது? யமஹா 48 வைத்துத் தொடங்கியவர்களுக்கு அடுத்த படியாக நான் முதலில் நீட்டுவது 6½ஏஎல். விட்டம் பயமுறுத்தாது, கப் ஆழமாகிவிடும், வாத்தியம் முதல் முறையாக யூஃபோனியம் மாதிரி பாடும். அதில் நன்றாகக் காலூன்றியவர்கள் 5ஜி, ஷில்கி 51டி இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். அதற்கும் மேலே டெனிஸ் விக்கின் 4ஏஎல், பிரிட்டனின் யூஃபோனியக் கலைஞர் ஸ்டீவன் மீடுடன் சேர்ந்து உருவாக்கிய எஸ்எம் வரிசை. அதில் எஸ்எம்4 பலருக்கும் பொருந்துகிறது. எஸ்எம்3 அதைவிடப் பெரியது, உதட்டில் பலம் சேர்ந்தவர்களுக்கானது. பெரிய கலைஞர் பயன்படுத்துகிறார் என்பதற்காக நேரே எஸ்எம்3க்குப் போகாதீர்கள். அவர் உதடு வேறு, உங்கள் உதடு வேறு.

ஒப்பிடும்போது உங்கள் இப்போதைய மவுத்பீஸும் வரிசையில் இருக்கட்டும். அது இல்லாமல் எதையும் எதோடும் ஒப்பிட முடியாது. ஒரே வாத்தியம், ஒரே அறை, உதடு புத்துணர்வோடு இருக்கும் நேரம். மூன்றுக்கு மேல் ஒரே நாளில் வேண்டாம், உதடு குழம்பிவிடும். நண்பர் ஒருவரிடம் கொடுத்து, எது எது என்று சொல்லாமல் மாற்றி மாற்றி நீட்டச் சொல்லுங்கள். நீங்கள் கையில் எடுக்காமல் அவரே ரிசீவரில் செருகிவிட்டால் இன்னும் நல்லது, எடையை வைத்துக் கண்டுபிடிக்க மாட்டீர்கள். பிராண்டின் பெயர் காதில் விழாதபோது காது நேர்மையாகக் கேட்கும்.

என்ன வாசிப்பது? நடு பி ஃப்ளாட்டில் தொடங்கி லாங் டோன் (ஒரே நோட்டை நீட்டி ஊதுவது), முடிந்தவரை சத்தம் குறைத்து. நோட்டு தொடங்கும்போது 'ஃபூ' என்று காற்று முந்துகிறதா, நாதமே முதலில் வருகிறதா என்று கவனியுங்கள். அப்புறம் கீழே இறங்குங்கள், நான்காவது வால்வு தேவைப்படுகிற பகுதி வரைக்கும். அங்கே நோட்டு கரகரத்தால் கப் போதவில்லை என்று அர்த்தமாக இருக்கலாம். அடுத்து ஆறாவது பார்ஷியல் (ஒரே விரலமைப்பில் உதட்டால் கிடைக்கும் நோட்டுகளில் ஆறாவது): பாஸ் க்ளெஃபில் கோடுகளுக்கு மேலே வருகிற ஈ ஃப்ளாட், ஈ, எஃப், ட்ரெபிள் க்ளெஃப் படிப்பவர்களுக்கு எழுதப்பட்ட எஃப், எஃப் ஷார்ப், ஜி. பெரும்பாலான யூஃபோனியங்களில் இந்த மூன்றும் சுருதி கூடி நிற்கும். மவுத்பீஸ் இதை முழுதாகச் சரிசெய்யாது, ஆனால் கூட்டவும் குறைக்கவும் செய்யும். ட்யூனரைக் கண் முன்னே வைக்காதீர்கள். கண் பார்த்தால் உதடு தானாகவே திருத்திவிடும். கண்ணை மூடி ஊதி, நோட்டு நிலைத்த பிறகு பாருங்கள், அல்லது நண்பர் பார்த்து எழுதிக்கொள்ளட்டும்.

எல்லாவற்றையும் ஒலிப்பதிவு செய்யுங்கள், போனை மூன்று நான்கு மீட்டர் தள்ளி வைத்து. வாசிக்கிறவர் காதுக்கு வருவது ஒன்று, எதிரே உட்கார்ந்திருப்பவருக்குப் போவது வேறு. யூஃபோனியத்தின் பெல் மேல் நோக்கி இருப்பதால் இந்த வித்தியாசம் அதிகம். வாசிக்கையில் மந்தமாகத் தோன்றிய மவுத்பீஸ் பதிவில் அழகாக ஒலிப்பதை நான் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறேன்.

முதல் நாள் எந்தப் புது மவுத்பீஸும் நன்றாகத்தான் இருக்கும். புதுமையின் உற்சாகத்தில் காற்று தாராளமாகப் போகும். ஆகவே முடிந்தால் இரவல் வாங்கியோ, திருப்பித் தரலாம் என்ற நிபந்தனையோடோ, இரண்டு வாரமாவது வைத்துப் பாருங்கள். ஒத்திகையின் கடைசி அரை மணி நேரத்தில் என்ன நடக்கிறது என்பதுதான் கணக்கு. இந்த இரண்டு வாரத்தில் பழையதற்கும் புதியதற்கும் மாறி மாறித் தாவ வேண்டாம். முக்கியமான நிகழ்ச்சி நெருங்கும்போது மாற்றவும் வேண்டாம்.

உலோகத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. வழக்கமானது வெள்ளி முலாம் பூசிய பித்தளை. உதட்டில் அரிப்போ சிவப்போ வந்தால் தங்க முலாம் ரிம் பாருங்கள், அல்லது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். பழைய மவுத்பீஸ் வாங்கும்போது ரிம்மில் முலாம் தேய்ந்து பித்தளை தெரிந்தால் மறுமுலாம் பூசாமல் வாயில் வைக்காதீர்கள். ஷாங்க்கின் நுனி வட்டமாக இருக்கிறதா என்றும் பாருங்கள். கீழே விழுந்த மவுத்பீஸில் அங்கேதான் நசுங்கும், நசுங்கினால் ரிசீவரில் சரியாக உட்காராது. பழுதுபார்ப்பவரிடம் அதற்கென்று நிமிர்த்தும் கருவி இருக்கும், சில நிமிட வேலை. செருகியதும் உள்ளங்கையால் தட்டிப் பார்க்கும் பழக்கம் சிலருக்கு உண்டு; அதில் மவுத்பீஸ் இறுகிவிடலாம். இறுகிப்போனால் இடுக்கி போட்டு இழுக்காதீர்கள், ரிசீவரிலிருந்து தொடங்கும் குழாயான லீட்பைப்பே முறுக்கிக்கொள்ளும். கழற்றுவதற்கென்றே இருக்கும் மவுத்பீஸ் புல்லர் வைத்திருப்பவரிடம் கொண்டுபோங்கள்.