மதியக் கூட்டத்தின் தூக்கத்தை விரட்டிய ‘ஏழு’

கொக்குவிலில் உள்ள எங்கள் அலுவலகத்தில் திங்கட்கிழமைக் கூட்டம் பிற்பகல் இரண்டு மணிக்கு. சோறு உண்ட கையோடு வந்து அமரும் பதினொரு பேரும் இருபதாவது நிமிடத்தில் சோர்ந்துவிடுவார்கள். எடுத்த முடிவையே செவ்வாய்க்கிழமை தொலைபேசியில் ஒவ்வொருவருக்கும் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது.

முதலில் பனங்கட்டியும் இஞ்சித் தேநீரும் கொடுத்துப் பார்த்தேன். பத்து நிமிடம் தாங்கியது. பிறகு, தன்னைப் பற்றி இரண்டு உண்மையும் ஒரு பொய்யும் சொல்லும் விளையாட்டு. புதிதாகச் சேர்ந்தவர்கள் வாயே திறக்கவில்லை.

அடுத்தது ‘ஏழு’. வட்டமாக நின்று ஒன்றிலிருந்து வரிசையாக ஆளுக்கொரு எண் சொல்ல வேண்டும். ஏழின் மடங்கிலும், ஏழு என்ற இலக்கம் வரும் எண்ணிலும் கைதட்ட வேண்டும். 14, 17, 21 எல்லாம் தாண்டிவிடுவார்கள். 27, 28 அடுத்தடுத்து வருவதால் அங்கேதான் தடுமாற்றம். இதுவும் மூன்று வாரம் பலிக்கவில்லை. காரணம் பிறகுதான் பிடிபட்டது: தவறியவரை வெளியேற்றினோம். ஆகவே தூங்கிவழிந்தவரே முதலில் கதிரைக்குத் திரும்பிக் கைபேசியை எடுத்தார். ஏற்கெனவே விழிப்பாக இருந்தவர்கள்தான் விளையாடிக்கொண்டிருந்தார்கள்!

விதியை மாற்றினேன். யாரும் வெளியேறுவதில்லை, தவறியவர் ஒன்றிலிருந்து மறுபடி தொடங்குவார். ஆரம்பத்தில் அல்ல, கணக்கறிக்கை முடிந்த கையோடு, நான்கு நிமிடம் மட்டும். கடைசியாகத் தவறியவரே அடுத்த விடயத்தை நின்றபடி வாசிப்பார்.

கடந்த மூன்று செவ்வாய்க்கிழமைகளில் நான் யாருக்கும் தொலைபேசி எடுக்கவில்லை, பெரிய நிம்மதி. முழங்கால் வலியுள்ள கணக்குப் பிரிவு அக்கா அமர்ந்தபடியே சேர்ந்துகொள்கிறார். 28இல் அவர் இதுவரை தவறியதில்லை.