ரிக்லி மைதானத்தில் காற்று எந்தப் பக்கம்? பேஸ்பால் பந்தயத்துக்கு முன் வானிலை பார்க்கும் முறை

பேஸ்பால் ஆட்டத்தில் இரு அணிகளும் சேர்ந்து எடுக்கும் மொத்த ரன்கள், பந்தய நிறுவனம் நிர்ணயிக்கும் எண்ணைவிடக் கூடுமா குறையுமா என்று பந்தயம் கட்ட எண்ணுபவர், கைபேசி காட்டும் நகர வானிலையை மட்டும் நம்பக் கூடாது. சிகாகோவுக்கான அளவு பெரும்பாலும் உள்நாட்டுப் பக்கம் இருக்கும் ஓஹேர் விமான நிலையத்தில் எடுக்கப்பட்டது. 1914-இல் திறக்கப்பட்ட, சிகாகோ கப்ஸ் அணியின் ரிக்லி மைதானமோ மிச்சிகன் ஏரியிலிருந்து ஏறத்தாழ ஒரு மைல் தொலைவில் இருக்கிறது. வெயிலில் நிலம் சூடேறி ஏரி குளிர்ந்தே இருக்கும் நாள்களில், ஓஹேரில் தென்மேற்குக் காற்று வீசிக்கொண்டிருக்கும்போதே ரிக்லியில் ஏரிப் பக்கமிருந்து, அதாவது கிழக்கு அல்லது வடகிழக்கிலிருந்து, ஏரிக்காற்று புகுந்துவிடுவது உண்டு.

இந்த வேறுபாடு சிறியதன்று. ரிக்லியில் ஹோம் பிளேட்டிலிருந்து (பந்தை அடிப்பவர் நிற்கும் இடம்) சென்டர் ஃபீல்ட் (அவருக்கு நேர் எதிரே உள்ள வெளிப்பகுதி) ஏறக்குறைய வடகிழக்கில் அமைந்திருப்பதால், தென்மேற்குக் காற்று உயர்ந்து செல்லும் பந்தை வேலிக்கு அப்பால் தள்ளும். வடகிழக்குக் காற்று அதே பந்தைத் தடுத்து ஃபீல்டரின் கையில் சேர்க்கும். வானிலை அறிக்கையில் சொல்லப்படும் திசை, காற்று எங்கிருந்து வருகிறது என்பதையே குறிக்கும். இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு பணம் இழப்பவர்கள் உண்டு என்பதால், எந்த மைதானமானாலும் முதலில் வரைபடத்தில் அதன் திசையைப் பார்த்துக்கொள்வது நல்லது.

அடுத்து, அமெரிக்கத் தேசிய வானிலைச் சேவையின் தளத்தில் நகரின் பெயரைத் தேடுவதோடு நில்லாமல், வரைபடத்தில் மைதானம் இருக்கும் இடத்தையே சொடுக்கி, மணிவாரி முன்னறிவிப்பை எடுக்க வேண்டும். ஆட்டம் ஏறத்தாழ இரண்டரை முதல் மூன்று மணி நேரம் நடக்கும் என்பதால், தொடக்க நேரத்தை மட்டும் பார்ப்பது போதாது. அதே தளத்தில் வானிலையாளர்கள் உரைநடையில் எழுதும் விளக்கக் குறிப்பைப் பலர் படிப்பதில்லை. என் கணிப்பில் மிகவும் பயனுள்ளது அதுதான், ஏனெனில் ஏரிக்காற்று எத்தனை மணிக்கு, எவ்வளவு தூரம் உள்ளே வரும், அதில் எவ்வளவு ஐயம் உண்டு என்பதெல்லாம் அங்கேதான் கிடைக்கும். விமான நிலைய அறிக்கைகளையும் ஒப்பிடலாம், அவற்றில் காற்றின் வேகம் நாட் அளவிலும் (ஒரு நாட் என்பது மணிக்கு ஏறத்தாழ 1.15 மைல்), நேரம் உலகப் பொது நேரத்திலும் இருக்கும். கோடையில் சிகாகோ அதற்கு ஐந்து மணி நேரம் பின்தங்கியது.

ஈரக்காற்று கனமானது, பந்தை இழுத்துப் பிடிக்கும் என்று வர்ணனையாளர்கள் சொல்வதைக் கேட்டிருப்போம். உண்மையில் ஈரக்காற்று உலர்காற்றைவிட லேசானது. வெப்பம் கூடினாலும் காற்றின் அடர்த்தி குறைந்து பந்து சற்றுத் தொலைவாகப் போகும். டென்வரின் கூர்ஸ் மைதானத்தில் பந்து பறப்பதற்கோ, அன்றைய வானிலையைவிட ஏறத்தாழ 5,200 அடி உயரமே பெரிய காரணம்.

ஹூஸ்டன், மியாமி, ஃபீனிக்ஸ் போன்ற இடங்களில் திறந்து மூடும் கூரை உண்டு. அங்கே கூரை மூடியிருக்குமா என்ற அணியின் அறிவிப்பே போதும்.

மழை வாய்ப்பு இருந்தால், ஆட்டம் பாதியில் நின்றால் பந்தயம் என்னவாகும் என்ற விதியை நீங்கள் பந்தயம் கட்டும் நிறுவனத்தில் முன்பே படித்துவிடுங்கள். இது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். ரிக்லியில் காற்று வெளிநோக்கி வீசும் என்பது எல்லோருக்கும் தெரிந்தபின், பந்தய நிறுவனம் நிர்ணயிக்கும் மொத்த ரன் எண்ணிக்கையும் அதற்கேற்ப ஏறியிருக்கும். முன்னறிவிப்பு அந்த எண்ணிலிருந்து விலகி நிற்காத நாளில் பந்தயம் கட்டாமல் இருந்துவிடலாம்.