சேர்ந்த சில வாரங்களில் வேலையை விடுகிறீர்களா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருகோணமலையில் புதிய வேலையொன்றில் சேர்ந்து ஓரிரு மாதங்களில் விலகுவது அரிதான செயலன்று. மே மாதத்தில் சுற்றுலாப் பருவம் சூடுபிடிக்கும்போது நிலாவெளி, உப்புவெளி விடுதிகளில் சேர்ந்தவர்களிற் சிலர் பருவம் முடியும் முன்பே வேறிடம் போகிறார்கள். நுண்கடன் நிறுவனங்களில் கள உத்தியோகத்தராகச் சேர்ந்தவர்கள் மூதூரிலும் கிண்ணியாவிலும் வீடு வீடாகத் தவணை வசூலித்துக் களைத்து விலகுகிறார்கள். காத்திருந்த அரச நியமனக் கடிதம் திடீரென்று கைக்கு வர, தனியார் வேலையை மறுநாளே விட வேண்டிய நிலையும் ஏற்படுகிறது. விலகும் முடிவில் பிழையில்லை. "இரண்டு மாத வேலைக்கு என்ன கணக்கு வழக்கு?" என்று கடதாசி அலுவல்களைக் கைவிடுவதுதான் பிழை. பத்து ஆண்டுகள் பணியாற்றியவருக்காகச் சொல்ல அந்த அலுவலகத்தில் ஆட்கள் இருப்பார்கள். ஐம்பது நாள் இருந்தவருக்காகப் பேச அவருடைய கோப்பிலுள்ள கடிதங்களைத் தவிர வேறெதுவும் இராது.

முதலாவது தவறு, சொல்லாமல் நின்றுவிடுவது. திங்கட்கிழமை வேலைக்குப் போகாமல், முகாமையாளரின் அழைப்பை எடுக்காமல், புதன்கிழமை வாட்ஸ்அப்பில் "இனி வரமாட்டேன் சேர்" என்று ஒரு வரி அனுப்பியதோடு விலகல் முடிந்துவிட்டதாகப் பலர் எண்ணுகிறார்கள். நிறுவனத்தின் பதிவேட்டில் அவர் அறிவித்தலின்றி வராதவராகவே இருப்பார். எச்சரிக்கைக் கடிதங்கள் வீட்டு முகவரிக்குப் பதிவுத் தபாலில் வரும். இறுதியில் பதவியை வறிதாக்கியவர், அதாவது முறைப்படி விலகாமல் வேலையைக் கைவிட்டவர், என்று கோப்பு மூடப்படும். தானாக விலகியவர் என்பதற்கும் பதவியை வறிதாக்கியவர் என்பதற்கும் உள்ள வேறுபாடு, அடுத்த வேலைக்கு விண்ணப்பிக்கும்போதுதான் தெரியவரும்.

ஆகவே இராஜினாமாக் கடிதம் எழுதப்பட வேண்டும். எழுதும் முன் நியமனக் கடிதத்தைத் திரும்பப் படிக்க வேண்டும். தகுதிகாண் காலத்தில் விலகுவதற்கு எத்தனை நாள் முன்னறிவித்தல் வேண்டும், அதைக் கொடுக்காவிட்டால் எவ்வளவு பணம் ஈடாகக் கேட்கப்படும், பயிற்சிக்காக ஒப்பந்தமோ பிணையோ கையெழுத்திடப்பட்டுள்ளதா என்பவற்றை அந்தக் கடிதமும் அதனோடு இணைத்த ஆவணங்களுமே தீர்மானிக்கின்றன. தகுதிகாண் காலத்தில் முன்னறிவித்தலே தேவையில்லை என்று நண்பர் சொன்னதை நம்புவது பரவலான தவறு. முன்னறிவித்தல் காலத்தைக் குறைத்துத் தருமாறு கேட்கலாம், பல முகாமையாளர்கள் இணங்கவும் செய்வார்கள். ஆனால் அந்த இணக்கம் வாய்ச்சொல்லாக நிற்கக் கூடாது. கிளை முகாமையாளர் "சரி, போங்கள்" என்று சொல்லியிருப்பார். கொழும்புத் தலைமை அலுவலகத்தில் சம்பளம் தயாரிப்பவருக்கு அது எட்டியிராது. அவர் ஈட்டுத்தொகையைக் கழித்துவிடுவார்.

கடிதம் சுருக்கமாக இருப்பதே நல்லது. சேர்ந்த திகதி, வகித்த பதவி, கடைசி வேலை நாள் ஆகிய மூன்றும் தெளிவாக இருக்க வேண்டும். "உடனடியாக விலகுகிறேன்" என்று மட்டும் எழுதினால் கடைசி நாள் எது என்பதை நிறுவனமே தன் வசதிக்கேற்பத் தீர்மானிக்கும். மனக்குறைகளை இதில் கொட்டித் தீர்க்க வேண்டியதில்லை. அதேவேளை, சம்பளம் தராததாலோ, விலகும்படி வற்புறுத்தியதாலோ போகிறவர், யாரோ கொடுத்த மாதிரிக் கடிதத்தைப் பார்த்து "எனது சொந்த விருப்பின் பேரில்" என்று எழுதிக் கொடுப்பது பெருந்தவறு. பின்னர் முறையிடும்போது அந்த வரியே அவருக்கு எதிராக நிற்கும். கடிதத்தை நேரில் கொடுத்தால் பிரதியில் பெற்றவரின் கையொப்பம், திகதி, இறப்பர் முத்திரை வாங்க வேண்டும். கையெழுத்திட மறுத்தால், பதிவுத் தபாலில் கிளைக்கு ஒன்றும் தலைமை அலுவலகத்துக்கு ஒன்றும் அனுப்பிப் பற்றுச்சீட்டுகளைப் பிரதியோடு பின் பண்ணி வைத்துக்கொள்ளலாம்.

அதிகமான சச்சரவு எழுவது பொருட்களைக் கையளிப்பதில்தான். சீருடை, பெயர்ப்பட்டி, அலுமாரித் திறப்பு, அலுவலக சிம் அட்டை, தலைக்கவசம் என்று சிறு சிறு பொருட்களாக இருப்பதால் அவற்றை ஒரு பையில் போட்டு வரவேற்பு மேசையில் வைத்துவிட்டு வந்துவிடுகிறார்கள். அந்தப் பையை யார் எடுத்தார் என்பது ஒரு வாரத்தின் பின் யாருக்கும் தெரியாது. ஒரு தாளில் "சீருடை 2 சோடி, பெயர்ப்பட்டி 1, அலுமாரித் திறப்பு 1, சிம் அட்டை 1 (இலக்கத்துடன்), நல்ல நிலையில் ஒப்படைக்கப்பட்டன" என்று எழுதி, கீழே ஒப்படைத்தவர், பெற்றவர் இருவரும் திகதியிட்டுக் கையொப்பமிட ஐந்து நிமிடம் போதும். பணத்தைக் கையாண்டவர்களுக்கு இது இன்னும் கண்டிப்பானது. கள உத்தியோகத்தர் ஒருவர் பற்றுச்சீட்டுப் புத்தகத்தின் முதல் இலக்கம், கடைசியாகப் பயன்படுத்திய இலக்கம், எழுதப்படாமல் மீதமுள்ள தாள்கள், செலுத்திய கடைசி வசூல் தொகை ஆகியவற்றை எழுதிக் கையொப்பம் பெறாமல் வெளியேறவே கூடாது. அவர் போன பின் அதே புத்தகத்தில் வேறொருவர் வசூலித்த பணம் குறைந்தாலும், கணக்காய்வில் முதலில் எழும் பெயர் விலகியவருடையதாகவே இருக்கும். பதில் சொல்ல அவர் அங்கே இருக்கமாட்டார்.

இறுதிக் கணக்குத் தீர்வுப் பத்திரத்தைப் படிக்காமல் கையெழுத்திடுவது அடுத்த தவறு. கிழக்கு மாகாணத்தில் தமிழ் நிர்வாக மொழியாக இருந்தாலும், தனியார் நிறுவனங்கள் நீட்டும் இத்தகைய பத்திரங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்திலோ சிங்களத்திலோ இருக்கின்றன. "எனக்குச் சேர வேண்டிய அனைத்தையும் பெற்றுக்கொண்டேன்; இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்ற வாசகம் அதில் இருக்கக்கூடும்; காசு ஒரு ரூபாயும் கைக்கு வராத நிலையில் அதற்குக் கீழே கையொப்பமிட்டவர்கள் உண்டு. பிரதியை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படித்துக் காட்டக் கேட்டபின் கையெழுத்திடுகிறேன் என்று சொல்வதில் மரியாதைக் குறைவு எதுவுமில்லை. எவ்வளவு சம்பளம், எத்தனை நாளுக்கு, என்னென்ன கழிவுகள் என்ற விபரம் எழுத்தில் கேட்கப்பட வேண்டும். மூன்று நாள் வேலை செய்திருந்தாலும் அந்த மூன்று நாளுக்குரிய சம்பளம் உண்டு. கடை, அலுவலக ஊழியர்களுக்கான 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வரும் மாதச் சம்பளக்காரருக்கு, சம்பளக் காலம் முடிந்து பத்து நாட்களுக்குள் சம்பளம் வழங்கப்பட வேண்டும்.

ஊழியர் சேமலாப நிதி (ஈபிஎஃப்) பற்றிய தவறான எண்ணங்களுக்கு அளவேயில்லை. "தகுதிகாண் காலம் முடிந்தால்தான் ஈபிஎஃப்" என்பது முதலாளிமார் சொல்வது. சட்டம் அப்படிச் சொல்லவில்லை. வேலையில் சேர்ந்த முதல் நாளிலிருந்தே பங்களிப்பு உண்டு: ஊழியரின் சம்பளத்திலிருந்து 8 சதவீதம், முதலாளியிடமிருந்து 12 சதவீதம், இவற்றுக்கு மேலாக ஊழியர் நம்பிக்கை நிதிக்கு முதலாளி 3 சதவீதம். மாதம் 50,000 ரூபாய் பெற்று இரண்டு மாதம் வேலை செய்தவரின் பெயரில் சேமலாப நிதியில் 20,000 ரூபாயும் நம்பிக்கை நிதியில் 3,000 ரூபாயும் இருக்க வேண்டும். சம்பளச் சீட்டில் 8 சதவீதம் கழிக்கப்பட்டிருந்தும் நிதிக்கு அனுப்பப்படாத சந்தர்ப்பங்கள் உள்ளன. ஆகவே முதலாளியின் பதிவு இலக்கத்தையும் தன் அங்கத்துவ இலக்கத்தையும் விலகும் முன்பே குறித்துக்கொள்வது அவசியம். ஒவ்வொரு நிறுவனத்திலும் அங்கத்துவ இலக்கம் வேறுபடுவதால், குறுகிய கால வேலைகளின் கணக்குகளே முதலில் மறக்கப்படுகின்றன. தேசிய அடையாள அட்டையிலுள்ளபடி பெயரும் இலக்கமும் பதியப்பட்டுள்ளனவா என்று அப்போதே பார்த்துவிட்டால், ஓய்வு பெறும் வயதில் கச்சேரிக்கும் தொழில் அலுவலகத்துக்குமாக அலையத் தேவையில்லை.

வேலையை விட்டவுடன் சேமலாப நிதியை எடுத்துவிடலாம் என்பதும் தவறு. பொதுவாக ஆண்களுக்கு 55 வயதிலும் பெண்களுக்கு 50 வயதிலுமே அது கிடைக்கும். ஓய்வூதியத்துடன் கூடிய நிரந்தர அரச சேவையில் சேர்பவர்கள் விதிவிலக்காக முன்கூட்டியே பெறலாம் என்பதால், அரச நியமனத்துக்காக விலகுபவர்களுக்குத் திகதி தெளிவான விடுவிப்புக் கடிதம் கட்டாயம் தேவை. நம்பிக்கை நிதியை வேலையை விட்டபின் கோரலாம். ஆனால் ஒருமுறை பெற்றால் அடுத்த கோரிக்கைக்கு ஐந்து ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். மூவாயிரம் ரூபாய்க்காக அந்த வாய்ப்பைச் செலவழிப்பது, என் கணிப்பில், வீண்.

நீண்ட சேவைக்காக, விலகும்போது முதலாளி தரும் பணிக்கொடையைப் பற்றி இங்கு பேசத் தேவையில்லை. அதற்கு ஐந்து ஆண்டுச் சேவை வேண்டும்.

மூலச் சான்றிதழ்களை நிறுவனத்திடமே விட்டு வருவதைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சாதாரண தர, உயர்தரப் பெறுபேற்றுச் சான்றிதழ்களையோ சாரதி அனுமதிப்பத்திரத்தையோ சேரும்போது வாங்கி வைத்திருந்தால், இராஜினாமாக் கடிதத்திலேயே அவற்றைப் பட்டியலிட்டுத் திரும்பக் கேட்க வேண்டும். சம்பளத்தைக் காட்டிக் கடன் பெற்றவர்கள் வங்கிக்கு அறிவிக்காமல் போனால், தவணை தவறும்போது தொல்லைப்படுவது பிணை நின்ற சக ஊழியர்தான்.

அடுத்த நேர்முகத்தேர்வில் இந்த இரண்டு மாதத்தை மறைப்பதா என்ற கேள்வி எல்லோரிடமும் உண்டு. சுயவிபரக் கோவையில் குறுகிய வேலையைக் குறிப்பிடாமல் விடுவது ஒன்று. விண்ணப்பப் படிவம் முன்னைய வேலைகள் அனைத்தையும் கேட்கும்போது இல்லை என்று எழுதுவது வேறொன்று. திருகோணமலை சிறிய நகரம். விடுதி முகாமையாளர்கள் ஒருவரையொருவர் அறிவார்கள்.

கடிதம் கொடுத்தும் சம்பளமோ பங்களிப்போ வராவிட்டால், முகநூலில் நிறுவனத்தின் பெயரைப் போட்டுத் திட்டுவதில் பயனில்லை. நிறுவனம் சட்டத்தரணி மூலம் கடிதம் அனுப்ப அது வழிவகுக்கும். தொழில் திணைக்களத்தின் திருகோணமலை மாவட்ட அலுவலகத்தில் தமிழிலேயே முறைப்பாடு எழுதிக் கொடுக்கலாம். நியமனக் கடிதம், சம்பளச் சீட்டுகள், சம்பளம் வந்த வங்கிக் கணக்குக் கூற்று, வரவுப் பதிவின் படம், இராஜினாமாக் கடிதத்தின் கையொப்பமிட்ட பிரதி, தேசிய அடையாள அட்டைப் பிரதி ஆகியவற்றைக் கொண்டுபோக வேண்டும். நியமனக் கடிதமே தராத நிறுவனமாயின், வேலை நேரம் குறித்து முகாமையாளர் அனுப்பிய குறுஞ்செய்திகளும் வேலை செய்ததைக் காட்ட உதவும். கைபேசியை மாற்றும் முன் அவற்றை அச்சிட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மாதத்துக்குரிய சேமலாப நிதிப் பங்களிப்பைச் செலுத்த அடுத்த மாத இறுதி வரை முதலாளிக்குக் காலமுண்டு என்பதால், ஜூன் 20இல் விலகியவர் ஜூன் மாதப் பங்களிப்பைப் பற்றி ஓகஸ்ட் தொடக்கத்தில் விசாரிப்பதே பொருத்தம்.