சிம்பொனி இசைக்குழுவுடன் நகைச்சுவை ஓபரா பாடுவதற்கான வழிமுறைகள்

ஓபரா எனும் இசைநாடகம் நடக்கும் அரங்கில் இசைக்குழு மேடைக்கு முன்னால் ஒரு பள்ளத்தில் அமர்ந்திருக்கும்; கச்சேரி மேடையிலோ அதே குழு பாடகரின் முதுகுக்குப் பின்னால் மேடை முழுவதையும் நிறைத்துக்கொண்டிருக்கும். வேடம், அரங்கப் பொருள்கள், பதில் பேசும் சக நடிகர்கள் ஆகிய எதுவும் இல்லாத நிலையில், குரலையும் முகத்தையும் காலக்கணக்கையும் மட்டுமே நம்பிச் சிரிப்பை வரவழைக்க வேண்டியிருக்கிறது. பிராந்திய இசைக்குழுக்களில் வாசிப்பவர்கள் பலர் இசை கற்பிப்பது உள்ளிட்ட வேறு பணிகளிலும் இருப்பவர்கள் என்பதால் ஒத்திகைகள் குறைவாகவே கிடைக்கும். அவற்றிலும் பாடகருக்கென ஒதுக்கப்படும் நேரம் இன்னும் குறைவு. ஆகவே, குழுவைச் சந்திப்பதற்கு முன்பே முடித்துவைக்கும் ஏற்பாடுகள்தான் கச்சேரியின் தரத்தைத் தீர்மானிக்கின்றன.

பாடலைத் தேர்ந்தெடுக்கும்போது, கதை தெரியாதவருக்கும் தனித்து நின்று பொருள் தரக்கூடியதையே எடுத்துக்கொள்ளுங்கள். 1787இல் பிராகில் அரங்கேறிய மொசார்ட்டின் ‘டான் ஜியோவன்னி’யில், வேலைக்காரன் லெப்போரெல்லோ தன் எஜமானரின் காதலிகளை நாடுவாரியாக எண்ணிப் படிக்கும் பாடல் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு: இத்தாலியில் 640, ஜெர்மனியில் 231, பிரான்சில் 100, துருக்கியில் 91, ஸ்பெயினில் 1003. நகைச்சுவை அந்தப் பட்டியலிலேயே இருப்பதால் முன்கதை தேவையில்லை. அத்துடன், உங்கள் கையிலுள்ள இசைத்தாள் உறையே அவனுடைய பதிவேடாகிவிடுகிறது. கச்சேரி மேடைக்கு இதைவிடப் பொருத்தமான அரங்கப் பொருள் கிடைப்பது அரிது. மாறாக, நாடக அங்கம் ஒன்றின் முடிவில் பலர் சேர்ந்து பாடும் காட்சியிலிருந்து ஒரு பகுதியை வெட்டியெடுத்தால், அதன் சிக்கலைப் பார்வையாளருக்கு விளக்குவதிலேயே பொழுது போய்விடும்.

அடுத்தது சுருதி. ரோசினியின் ‘செவில் நாவிதன்’ ஓபராவில் (1816) அவதூறு எப்படிப் பரவுகிறது என்று இசை ஆசிரியர் பசிலியோ பாடும் பாடல் டி மேஜரில் எழுதப்பட்டது. ஆனால் பாஸ் எனப்படும் மிகத் தாழ்ந்த ஆண் குரலினர் பலர் அதை ஒரு படி இறக்கி சி மேஜரில் பாடுகிறார்கள். நீங்கள் பழகியிருப்பது ஒரு சுருதி, வாத்தியக்காரர்களின் தாள்களில் இருப்பது வேறொரு சுருதி என்பது ஒத்திகையில்தான் தெரியவந்தால், அதைச் சரிசெய்ய அப்போது வழியே இருக்காது. எனவே சுருதி, பயன்படுத்தும் பதிப்பு, விட்டுவிடும் பகுதிகள், மீண்டும் பாடும் பகுதிகள் ஆகிய அனைத்தையும் குறித்த இசைத்தாளின் நகலைக் குழுவின் இசைத்தாள்களைக் கவனிக்கும் இசை நூலகருக்கு இயன்றவரை முன்னதாகவே அனுப்பிவிடுங்கள்.

நகைச்சுவைப் பாடகர் அதிகக் கவனம் செலுத்த வேண்டிய இடம் இடைநிறுத்தங்கள். பியானோவுக்குப் பாடும்போது நினைத்த இடத்தில் நிறுத்தலாம்; பியானோ வாசிப்பவர் காத்திருப்பார். ஐம்பது அறுபது பேர் கொண்ட குழுவால் அப்படிக் காத்திருக்க இயலாது. நிறுத்தம் அவர்கள் தாளில் எழுதப்பட்டிருக்க வேண்டும். கில்பர்ட், சல்லிவன் இருவரும் படைத்த ‘பென்சான்ஸ் கடற்கொள்ளையர்’ ஓபராவில் (1879) படைத்தலைவர் பாடும் அதிவேகப் பாடலில், எதுகைக்குச் சொல் கிடைக்காமல் அவர் திணறுவதுபோல் நடிப்பது வழக்கம். அத்தகைய இடம் ஒவ்வொன்றுக்கும் மூன்று செய்திகளை இசை நடத்துநருடன் பியானோ ஒத்திகையிலேயே முடிவுசெய்துகொள்ளுங்கள்: எந்தச் சுரத்தில் குழு நிற்கிறது, நிற்கும்போது ஒலி நீடிக்கிறதா அடங்குகிறதா, எந்தச் சொல்லைக் கேட்டதும் அல்லது எந்த அசைவைக் கண்டதும் மீண்டும் தொடங்குகிறது. இப்படி எல்லைகளை வகுத்துக்கொண்டால், அவற்றுக்குள் புதிதாக எதைச் செய்தாலும் குழப்பம் நேராது. வகுக்காத இடத்தில் கச்சேரியன்று தோன்றும் புதிய யோசனையை, அது எவ்வளவு நல்லதாக இருந்தாலும், கைவிட்டுவிடுவதே முறை.

வாத்தியக்காரர்களையும் விளையாட்டில் சேர்த்துக்கொள்ள விரும்பினால் முன்கூட்டியே சம்மதம் கேளுங்கள். ஓஃபன்பாக்கின் ‘ஹாஃப்மனின் கதைகள்’ ஓபராவில் (1881) இயந்திரப் பொம்மை பாட்டின் நடுவே சாவி தீர்ந்து தளர்கிறது. யாராவது மீண்டும் முடுக்க வேண்டும். கச்சேரியில் அந்த வேலையை இசை நடத்துநரே செய்தால் அரங்கம் சிரிக்கும் என்பது உண்மைதான், ஆனால் அவர் தான் நிற்கும் சிறு மேடையை விட்டு இறங்கும் கணத்தில் குழுவைப் பார்த்துக்கொள்வது யார் என்பதும் முடிவாகியிருக்க வேண்டும்.

ஒலியின் சமநிலைக்கு வருவோம். இசைக்குழுவின் ஒலி ஆற்றல் ஏறத்தாழ 500 ஹெர்ட்ஸ் அருகில் உச்சத்தை அடைந்து, அதற்கு மேல் படிப்படியாகக் குறைகிறது. பயிற்சி பெற்ற ஆண் ஓபராக் குரலில் 3000 ஹெர்ட்ஸ் அருகே ஆற்றல் திரள்வதால்தான் ஒலிபெருக்கி இல்லாமலேயே அது குழுவைத் தாண்டிக் கேட்கிறது. ஆயினும் வேகமாகச் சொல்லடுக்கும் பகுதிகள் பெரும்பாலும் நடுச்சுரங்களில், பேச்சுக்கு நெருக்கமாக அமைவதால் அந்த வலிமை அங்கே முழுமையாகக் கைகொடுப்பதில்லை. அங்கே குரலை உயர்த்துவதைவிட மெய்யெழுத்துகளைக் கூர்மையாக்குவதே பயன் தரும். அரங்கின் கடைசி வரிசையில் ஒருவரை உட்காரவைத்து, எந்தெந்த வரிகள் புரியவில்லை என்று குறிக்கச் சொல்லுங்கள். ‘கொஞ்சம் ஒலியைக் குறைத்து வாசிக்க வேண்டும்’ என்று பொதுவாகக் கேட்பதைவிட, இன்ன இடத்தில் தந்தி வாத்தியங்களைக் குறைக்கலாமா என்று கேட்டால் இசை நடத்துநர் உடனே ஆவன செய்வார்.

பாடகர் பெரும்பாலும் பார்வையாளரை நோக்கி இசை நடத்துநருக்குப் பக்கத்தில் நிற்பதால், அவருடைய கோல் கடைக்கண்ணில்தான் தெரியும். மேடையின் பின்பகுதியில் பத்து மீட்டர் தொலைவிலுள்ள பித்தளை வாத்தியத்தின் ஒலி உங்கள் காதை அடையச் சுமார் 30 மில்லிவினாடி ஆகும். வேகப் பாடலில் அந்த ஒலியைப் பின்பற்றினால் தாளம் பின்தங்கிவிடும் என்பதால், அருகிலுள்ள முதல் வயலின்களைக் கேட்டே பாடுங்கள். வேகத்தை நிர்ணயிக்கும்போது, தெளிவாக உச்சரிக்க மிகக் கடினமான வரி எதுவோ அதையே அளவாகக் கொள்ளுங்கள்.

பாடலின் மொழி அறியாத அவைக்குத் திரையில் மொழிபெயர்ப்பு காட்டப்படுமானால், அந்த வரிகளைத் திரையில் மாற்றிக் காட்டுபவருடன் ஒருமுறையாவது சேர்ந்து அமருங்கள். 1003 என்ற எண் நீங்கள் பாடுவதற்கு முன்பே திரையில் வந்துவிட்டால், சிரிப்பு முன்கூட்டியே எழுந்து அடங்கிவிடும். அந்த எண்ணுக்கெனத் தனிக் காட்சி ஒதுக்கச் சொல்லுங்கள்.

நடிப்பைப் பொறுத்தவரை, பாத்திரத்துக்குத் தான் வேடிக்கையானவன் என்பது தெரியவே கூடாது. லெப்போரெல்லோ ஒரு கணக்குப்பிள்ளையின் பெருமிதத்தோடு பட்டியலைப் படிக்க வேண்டும். கண் சிமிட்டி, தோள் குலுக்கி, ‘இது நகைச்சுவை’ என்று அறிவிக்கும் பாடகர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், அவர்களில் சிலர் நல்ல குரல் வாய்ந்தவர்கள் என்பதுதான் வருத்தம்.

இறுதியாக, கைதட்டல் நீடித்தால் பாடுவதற்கென ஒரு கூடுதல் பாடலை வைத்திருப்பவர்கள், அதன் தாள்கள் கச்சேரி தொடங்குமுன்பே எல்லா வாத்தியக்காரர்களின் தாங்கிகளிலும் இருக்கின்றனவா என்று நூலகரிடம் கேட்டு உறுதிசெய்துகொள்ள வேண்டும்.